வண்டிக்கு ஆவி பிடித்த வாரம்

"22-11-1943 திங்கட்கிழமை முற்பகல், பள்ளி தொடங்குமுன் வேலையில் சேர வேண்டியது. தவறினால் இவ்வுத்தரவு ரத்தாகி, இடம் அடுத்தவருக்கு அளிக்கப்படும்."

மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து எனக்கு வந்த கடிதத்தின் கடைசி வரிகள் இவை. கடிதத்தின் தேதி நவம்பர் 11. உறையின் மேல் உள்ள கொடைக்கானல் தபால் முத்திரை 17 என்று காட்டுகிறது. ஏழின் மேல்கோடு மங்கிவிட்டதால் அதையும் 11 என்று வாசிக்கலாம். ஆனால் எழுதிய அன்றே ஒரு கடிதம் மலையேறி வந்திருக்க முடியாது. அதுவும் அந்த வாரத்தில். பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து, தபால் பையை ஆள்தான் சேற்றில் நடந்து கொண்டுவந்தான். ஆகவே 17, புதன்கிழமை என்றே கொள்கிறேன்.

அப்போது நான் அக்கா வீட்டில் இருந்தேன். 1931இல் அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவள் அக்காதான். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி முடித்து 1942 ஏப்ரலில் திரும்பி வந்தேன். அதன்பின் ஒன்றரை வருடம் அந்த இரண்டு அறை வீட்டில் அக்காவின் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, துணி தைத்துக்கொண்டு, ஊர் ஊராக விண்ணப்பம் எழுதிக்கொண்டு இருந்தேன். மிஷன் பள்ளியில் ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது ஒரு பருவம் அவர் வகுப்பை எடுத்தேன். அவர் திரும்பி வந்ததும் அதுவும் முடிந்தது. "வரலாம்" என்று பதில் சொன்ன முதல் கடிதம் இதுதான்.

வீட்டில் யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கதவைப் பூட்டியவர் இல்லை, போகாதே என்று சொன்னவர் இல்லை. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். அக்டோபர் முதல் இருமல் விடவில்லை. சின்னவன் என் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். நவம்பரில் ஜன்னலைத் திறந்தால் ஏரிப் பக்கத்து மூடுபனி நேராக உள்ளே வந்து பாயை நனைக்கும் என்பதால் ஜன்னலும் மூடியே இருக்கும். சமையலறைக் கயிற்றில் துணிகள் நாள்கணக்கில் காயாமல் தொங்கும். விறகுப் புகை, ஈரத்துணி வாடை, குழந்தைகளின் சளி. அதற்குள் நான் நடந்தால் எப்போதும் ஏதோ ஒரு ஈரத்துணி முகத்தில் பட்டுக்கொண்டே இருக்கும்.

அக்கா கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து மெதுவாக வாசித்தாள். இருந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல சம்பளமா?"

சொன்னேன்.

"ம். சின்னவனுக்குப் பால் காய்ச்சிட்டியாட்டி?"

அவ்வளவுதான் அவள் பேசியது.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், வாடகைக்கு மோட்டார் ஓட்டினார். அவர் மட்டும் கடிதத்தைக் கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டினார். "கவலப்படாத டீச்சரம்மா. பஸ்சு இல்லாட்டி என்ன, நம்ம வண்டி கெடக்குல்ல? சனிக்கெழம வெள்ளனே கெளம்புனா மத்தியானம் ரயிலடி."

பஸ் உண்மையாகவே இல்லை. யுத்த காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்த வாயுவில் ஓடின. கரி பஸ் நல்ல நாளிலேயே ஏற்றத்தில் ஆட்களை இறக்கி நடக்கச் சொல்லும். மண் சரிந்தபின் அது வத்தலக்குண்டோடு நின்றுவிட்டது. கூலிகள் சரிவை வெட்டி ஒரு கார் போகும் அகலத்துக்கு மட்டும் வழி செய்திருந்தார்கள். முற்பகலில், மழை விட்டிருந்தால், கார்களை விடுவார்கள். மதியத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்புவார்கள். பெரியகுளம் பக்கம் இறங்கும் பழைய நடைபாதை ஒன்று உண்டு. அதில் ஓடைகள் இடுப்பளவு போவதாகப் பூண்டு மூட்டை கொண்டுவந்த மேல்மலைப் போளூர்க்காரர்கள் சொன்னார்கள். ஆக, கீழே இறங்க எனக்கு இருந்த ஒரே வழி அத்தானின் வண்டி.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே கேன்வாஸ் கூரை, பக்கங்கள் திறந்த பழைய டூரர். அதன் சொந்தக்காரரான துரை சீமைக்குத் திரும்பும்போது, தமக்கு ஓட்டுநராக இருந்த அத்தானிடமே விட்டுவிட்டுப் போனார். பதிவுத்தாளில் 1926 என்று இருக்கிறது. அத்தான் எல்லாரிடமும் 1928 என்பார். நான் ஒருமுறை திருத்தினேன். "ரெண்டு வயசு கொறச்சாத்தான் மாப்பிள்ளைக்கே பொண்ணு கெடைக்குது. வண்டிக்கு சவாரி கெடைக்க வேண்டாமா?" என்றார்.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அது நிற்கும். ஏரிப் பக்கம் சுவர் கிடையாது. குளிர்காலத்தில் சாயங்காலமானதும் அத்தான் சுமைகூலிகள் போர்த்தும் கறுப்புக் கம்பளி ஒன்றை எஞ்சின் மேல் போர்த்துவார். எஞ்சின் அடியில் கணப்புச் சட்டியில் கரித்தணல் வைப்பார். ஜனவரிக் குளிரில் மற்ற டாக்சிகள் உறைந்து நிற்கும்போது அவர் வண்டி மட்டும் கிளம்பும். பஜாரில் அதைப் பெருமையாகச் சொல்வார். குழந்தைக்குச் செய்வதைத்தான் வண்டிக்கும் செய்கிறேன் என்பார்.

வியாழக்கிழமை காலை ஒத்திகை பார்க்கக் கம்பளியை எடுத்துவிட்டு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். வண்டி இருமியது. மறுபடி சுற்றினார். இருமக்கூட இல்லை.

"ஏலே," என்றார் அத்தான். வண்டியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஏலே, எந்திரிடா. கொழுந்தியா வேலைக்குப் போகணும்."

பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தரும் எங்களோடு வருவதாக இருந்தார். கடைக்குச் சரக்கு எடுக்க அவர் வத்தலக்குண்டு போக வேண்டும். பெட்ரோல் கூப்பன் அவருடையது. அந்தப் பெட்ரோலும் ஒருதரம் இறங்கி ஏறத்தான் காணும். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒத்திகை பார்க்கக் குடையோடு வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"என்னங்க டிரைவரே, வண்டி நோன்பு புடிக்குதா?"

"ராவுத்தரே, உண்மையச் சொல்லுங்க. பெட்ரோல்ல எத்தன பங்கு சீமெண்ணெய் ஊத்துனீங்க?"

"அல்லாவே! சீமெண்ணெய் கெடச்சா நான் வெளக்குக்கு விக்க மாட்டேனா? அத ஒம்ம வண்டிக்கா ஊத்துவேன்?"

சந்தேகம் பெட்ரோலில்தான் தொடங்கியது. அக்காலத்தில் எல்லாரும் எல்லாவற்றிலும் எதையோ கலந்தார்கள். கொஞ்சம் பெட்ரோலை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி வைத்தோம். சீமெண்ணெய்க் கறை விடாமல் ஆவியாகிப் பறந்துபோனது. ராவுத்தர் தட்டைத் தூக்கி எங்கள் மூவருக்கும் சுற்றிக் காட்டினார், தீர்ப்பு வாசிப்பவர் போல.

வெள்ளிக்கிழமை, எஞ்சினுக்குள் பொறி மூட்டும் பிளக்குகளைக் கழற்றினார்கள். அவை பெட்ரோலில் நனைந்து கிடந்தன. ஆகப் பெட்ரோல் எஞ்சினுக்குள் வருகிறது, எரியவில்லை. அத்தான் கம்பித் தூரிகையால் தேய்த்து, அக்காவின் அடுப்பில் தோசைக்கல்லின் மேல் அவற்றை வைத்துச் சூடேற்றினார். அக்கா தோசைமாவை மூடிவைத்துவிட்டு அன்றைக்குக் கஞ்சி வைத்தாள். சூடான பிளக்குகளை இடுக்கியால் பிடித்து ஓடிப்போய்ப் பூட்டிச் சுற்றினால் எஞ்சின் நாலு உறுமல் உறுமிவிட்டு அடங்கும். இது வெறும் ஆசை காட்டல். ஒவ்வொரு உறுமலுக்கும் நான் கூடத்தில் பெட்டியைப் பூட்டப் போவேன். திறந்துவிட்டுத் திரும்பி வருவேன்.

பிறகு பொறி வருகிறதா என்று பார்த்தார். ஒரு பிளக்கை எஞ்சின் உடம்பின் மேல் வைத்து, என்னைக் கவனிக்கச் சொல்லிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினார்.

"நீலமா வருதா?"

"இல்ல அத்தான். செவப்பா. வருது, நிக்குது."

"சீக்காளி மாதிரியா?"

"ஆமா."

ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தோம். பனியில் மஞ்சள் சுவர் எழுப்பியது போலப் பளிச்சென்று எரிந்தது. ஆகவே பாட்டரி அல்ல. அத்தான் தரையில் உட்கார்ந்து யோசித்தார். கடைசியில், "குளிரு. பொறி கெளப்புற கம்பிச்சுருள், அந்தக் காயிலு, குளிர்ல வெறச்சுப் போச்சு. சூடு பத்தல," என்றார். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட அதிகமாகத் தணல் வைத்தார். கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்தினார். காற்று புகாமல் நாலு பக்கமும் கல் வைத்தார்.

அன்று முழுக்க மழை. கொட்டகையின் திறந்த பக்கத்திலிருந்து சாரல் வண்டியின் முகத்தில்தான் அடிக்கும். கம்பளி அதை முழுக்கக் குடித்துக்கொள்ளும். இதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பார்த்து, பாவம் வண்டி நனையாமல் கம்பளி காப்பாற்றுகிறது என்று நினைத்தோம்.

சனிக்கிழமை காலை நான் புறப்படும் சேலையைக் கட்டிவிட்டேன். இருமல்கூட வரவில்லை. பிளக் சூடேற்றினால் வரும் நாலு உறுமலும் வரவில்லை. அத்தான் மேற்கோட்டைக் கழற்றி எறிந்தார். பிறகு சட்டையை. அந்தக் குளிரில் அவர் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. அக்கா வெந்நீர்ப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். ரேடியேட்டரில் ஊற்றினார். கணப்பை விசிறினார். கம்பளியை மறுபடி போர்த்தினார். கொஞ்ச நேரம் சூடு ஏறட்டும் என்று எல்லாரும் நின்றோம்.

அந்த நிற்பை நான் மறக்கவில்லை. எதிரே ஏரி இருக்கும் இடத்தில் ஏரி இல்லை, வெள்ளைதான். பஜார் தெரியவில்லை. சத்தம்கூட வரவில்லை. திங்கட்கிழமை என்று ஒரு கிழமை மதுரையில் வெயிலோடு வரும், அங்கே ஒரு மணி அடிக்கும், வேறு ஒருத்தி வந்து கையெழுத்துப் போடுவாள் என்று தோன்றியது. அவளுடைய கைப்பை எப்படி இருக்கும் என்றுகூட யோசித்தேன். சின்னவன் என் சேலையை இழுத்தான். தூக்கிக்கொண்டேன். அவனைத் தூக்கியதும், இனி எப்போதும் இப்படித்தான் நிற்பேன் என்ற எண்ணம் வந்தது. அவன் கனம்கூட அப்போது எனக்கு ஒரு பதில் போல இருந்தது.

கம்பளியிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. ராவுத்தர் குடையை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தார்.

"ஏங்க டிரைவரே, நானும் ரெண்டு நாளா கேக்கணும்னு பாத்தேன். அவனுக்கு ஆவியா புடிக்கிறீங்க?"

"கேலி பண்ணாதீங்க ராவுத்தரே, நான் இருக்க எரிச்சல்ல..."

"கேலி இல்லங்க. எங்க வீட்டுல சளிக்கு இப்படித்தான் கம்பளிய மூடி உக்கார வைப்போம். நீங்க தைல எலைய மட்டுந்தான் போடல."

முந்தின நாள் மாலை நான் பெரியவனுக்கு ஆவி பிடித்திருந்தேன். வெந்நீர்ப் பானையில் யூகலிப்டஸ் இலையைப் போட்டு, அவனைக் குனியவைத்து, மேலே துணியைப் போர்த்தி. திறந்தபோது அவன் முகமெல்லாம் முத்து முத்தாக நீர். மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. துண்டால் துடைத்துவிட்டேன். ராவுத்தர் சொன்னதும் அந்த முகம் எனக்கு அப்படியே கண்ணில் வந்தது. அவன் முகத்தைத் துடைத்தோம். வண்டியின் முகத்தை யார் துடைத்தார்கள்?

"அத்தான், கம்பளிய எடுங்க. பானெட்டத் தொறங்க."

"இப்பத்தான சூடு ஏறுது."

"தொறங்க அத்தான்."

திறந்தார். உள்ளே கை வைத்தேன். எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது. வைத்த இடமெல்லாம் ஈரம். வயர்களின் மேல், காயிலின் மேல், பானெட்டின் உட்புறத் தகட்டில், எல்லாவற்றிலும் வியர்த்திருந்தது. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் கறுப்பு மூடி ஒன்று உண்டு. அத்தான் அதன் கொக்கிகளை நெம்பிக் கழற்றிக் கவிழ்த்தார். உட்புறத்தில் கடுகு கடுகாக நீர்த்துளிகள். பொறி பிளக்குக்குப் போவதற்குமுன் அந்த ஈரத்திலேயே ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது.

"அடப்பாவி," என்றார் அத்தான். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அவருக்கு ரோசம் வந்தது. "இதே கம்பளிதான ஜனவரில போடுறேன்? அப்ப மட்டும் எப்படி ஸ்டார்ட் ஆகுது?"

"ஜனவரில மழை ஏது அத்தான்? அப்ப கம்பளி காஞ்சிருக்கும்."

"போன நவம்பர்லயும் போட்டேன்."

"போன நவம்பர்ல வண்டிய வெளிய எடுத்தீங்களா?"

அவர் யோசித்தார். சீசன் ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடியும். கிறிஸ்துமஸுக்கும் ஜனவரிக்கும் சில சவாரிகள் வரும். நவம்பரில் கொடைக்கானலுக்கு யாரும் வருவதில்லை, யாரும் போவதில்லை. வண்டி தமக்குச் சொந்தமான பிறகு ஒரு நவம்பரில்கூட அவர் அதைக் கிளப்பிப் பார்த்ததில்லை. ஜனவரியின் மருந்தை நவம்பரிலும் கொடுத்துவந்திருக்கிறார். நோயாளி எழுந்திருக்கத் தேவையில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. கிளம்பவில்லை என்று சூடு வைத்தோம், சூடு வைக்க வைக்க உள்ளே நனைந்தது, நனைய நனையக் கிளம்பவில்லை. இரண்டு நாளாக நாங்கள் பட்ட பாடெல்லாம் வண்டியை இன்னும் இறுக்கிக் கட்டிய பாடுதான்.

பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு வயராகத் துடைத்தோம். மூடியை அடுப்பருகே காட்டி உலர்த்திப் பூட்டினோம். அத்தான் சிலுவை போட்டுக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தார். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகை அதிர்ந்தது. சின்னவன் அழுதான். ராவுத்தர் குடையை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மதியம் ஆகிவிட்டிருந்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

"இப்பவே கெளம்பீருவோம் டிரைவரே, வெரசா," என்றார் ராவுத்தர்.

"சரிவுல திருப்பி அனுப்பிருவாங்க. திரும்பி வந்தா நாளைக்கு இறங்கப் பெட்ரோலு ஏது?" அத்தான் எஞ்சினை நிறுத்தினார். "நாளைக்கு வெள்ளனே போறோம். இப்பத்தான் நோவு தெரிஞ்சுபோச்சுல்ல?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம," என்றாள் அக்கா. "பூச பாக்காமயா?"

"மொதப் பூச பாத்துட்டு வந்து கெளம்பு. சாமி கோச்சுக்கிறாது," என்றார் அத்தான்.

பிறகு அத்தான் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "இந்தா பாருங்க, கம்பளிய இனிமே யாரும் வண்டிப் பக்கம் கொண்டு போகக் கூடாது. கணப்பும் வேண்டாம்." கம்பளியைப் பிழிந்து அவரே சமையலறைக் கயிற்றில் போட்டார். அதன் கனத்தில் கயிறு தொய்ந்து, அது பாதி அறையை மறைத்துக்கொண்டு தொங்கியது. நான் அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குழந்தைகளுக்குச் சோறு ஊட்டினேன். அக்கா அந்தப் பக்கம் அடுப்படியில் இருந்தாள். இருமல் மட்டும் கேட்டது. நான் சனிக்கிழமை கடைசியாக அதைப் பார்த்தது அங்கேதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஞாயிறு காலை நானும் அக்காவும் முதல் பூசைக்குப் போனோம். அவள் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. நான் வேகமாக நடந்து, நின்று, திரும்பி வந்து, மறுபடி அவளோடு நடந்தேன். வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "அங்க தங்குற எடத்துல கட்டிலு உண்டா, பாயா?" தெரியாது என்றேன். வீட்டை நெருங்கியபோது எஞ்சின் சத்தம் வரும் என்று காதைக் கொடுத்தேன். சத்தம் இல்லை. ஹேண்டில் சுற்றும் சத்தம்கூட இல்லை.

கொட்டகையில் அத்தான் ஹேண்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார். வண்டியின் முகத்தில் கம்பளி போர்த்தியிருந்தது. ராத்திரி முழுக்கப் பெய்த சாரலில் ஊறி, அதன் நுனியிலிருந்து தரைக்குத் தாரையாக வடிந்துகொண்டிருந்தது.

"இப்பத்தான் எந்திரிச்சு வாரேன். யாரு போட்டது?" என்றார்.

நான் கம்பளியின் நுனியைத் தூக்கிப் பார்த்தேன்.

அக்கா முக்காட்டை இறக்கினாள். "நீங்கதான தெனமும் போடுவீங்க."

"நான்தான போடக் கூடாதுன்னு சொன்னேன்!"

"சொன்னீங்க. கை போட்டிருக்கும். தூக்கத்துல எந்திரிச்சு வந்து வண்டியப் பாக்குறது ஒங்களுக்கு வழக்கந்தான?"

"நான் எந்திரிக்கவே இல்ல."

"அப்ப தெரியல."

ராவுத்தர் சாக்குகளோடு வந்து சேர்ந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். "யாரு போட்டாங்கன்னு வத்தலக்குண்டுல போயி உக்காந்து விசாரிச்சுக்குவோம். இப்பத் தொடைங்க."

கம்பளியை இழுத்துத் தரையில் போட்டோம். பானெட்டைத் திறந்தால் சனிக்கிழமையைவிட மோசம். சாரல் நேராகவே உள்ளே ஒழுகியிருந்தது. மறுபடி வேட்டித் துணி. ஒவ்வொரு வயரும். என் விரல்கள் விறைத்துப்போய் முடிச்சு எது, வயர் எது என்று தெரியவில்லை. மழை சற்று விட்டிருந்தது. எந்த நிமிடமும் திரும்ப வரலாம், முற்பகல் போய்க்கொண்டிருந்தது. அத்தான் மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "அடுப்புல காட்டு. ரொம்பச் சூடு காட்டாத. வெடிச்சிரும். வெடிச்சா இந்த யுத்தத்துல வேற மூடி மெட்ராஸ்லயும் கெடைக்காது."

சமையலறைக்கு ஓடினேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"ஒங்கை வெறச்சுப் போயிருக்கு. குடு."

அவள் தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்தாள். முந்தானையில் மூடியைப் பிடித்து, அப்பளம் சுடுவது போலத் தணலுக்கு மேல் காட்டித் திருப்பினாள். அருகே கொண்டுபோனாள், விலக்கினாள், உட்புறத்தை ஊதினாள், விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் தணலுக்குள் இறக்கினால் போதும். ஒரு சின்ன 'டிக்' சத்தம். யாரையும் குறை சொல்ல முடியாது. இதை நான் நினைத்தேன். அவளும் நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் கஞ்சி கொதிக்கிறதா என்று பார்க்கும் கவனம்தான் இருந்தது.

"சூடு போதுமா பாரு," என்று என் உள்ளங்கையில் வைத்தாள். எங்கும் ஈரம் இல்லை. கீறல் இல்லை.

முதல் சுற்றில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் இருமியது. அத்தான் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினார். பிடித்தது. "ஏறுங்க ஏறுங்க, நிறுத்த மாட்டேன்!" என்று கத்தினார். பெட்டியை ராவுத்தர் தூக்கிப் போட்டார். சின்னவன் அக்காவின் தோளில் இருந்தான். அவனை நான் முத்தமிடப் போனபோது அக்கா ஒரு அடி பின்னால் போனாள்.

"போ, போ. அவன் பிடிச்சா விடமாட்டான்." பிறகு, வண்டி நகர்ந்தபோது: "ஸ்டேஷன்ல பெட்டிய நீ தூக்காத. ஆளு வச்சுக்க."

பெருமாள்மலை தாண்டிச் சரிவில் கூலிகள் கொடி காட்டி நிறுத்தினார்கள். எஞ்சினை நிறுத்தாமலே அத்தான் அவர்களோடு சண்டை போட்டார். ஒரு பக்கம் செம்மண் சுவர், இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. சேற்றில் பதித்த மூங்கில்களின் மேல் வண்டி அங்குலம் அங்குலமாகப் போனது. ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். தாண்டியபின் கண்ணைத் திறந்து, "டிரைவரே, எத்தன வயசுன்னு சொன்னீங்க வண்டிக்கு?" என்று கேட்டார். அத்தான், "இருபத்தாறு மாடலுங்க," என்று முதல்முறையாக உண்மையைச் சொன்னார்.

கீழே இறங்க இறங்க வெயில் வந்தது. மேற்கோட்டைக் கழற்றினேன். இருந்தும் வெளியே வந்துவிட்டோம் என்று தோன்றவில்லை. வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை, மலைமேல் மேகம்தான். அம்மையநாயக்கனூர் ரயிலடியில் பெட்டிக்கு ஆள் வைத்தேன். திங்கட்கிழமை மணி அடிக்குமுன் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பள்ளியில் 1961 மே வரை வேலை பார்த்தேன்.

கம்பளி விஷயத்தை இரண்டு முறை விசாரித்திருக்கிறேன். 1951 கோடை விடுமுறையில் அத்தானிடம் கேட்டேன். அதற்குள் வண்டியை விற்றுவிட்டார். "நானாத்தான் இருக்கும். பழகுன கை," என்றார். ஆனால் அக்கா அப்போது பக்கத்தில் இருந்தாள். அவள் இல்லாதபோது அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. 1958இல் அக்கா என்னிடம் மதுரைக்கு வந்து தங்கியபோது அவளிடமே கேட்டேன். "எந்தக் கம்பளி?" என்றாள். பிறகு, "குளிர்ல கெடந்துச்சேன்னு யாராவது போட்டிருப்பாக," என்றாள். அவள் தெரிந்து செய்திருந்தாலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. சம்பளம் கொடுத்துத் தாதி வைக்க முடியாத வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணிக்கு என்னை விட்டால் யார்? ஆனால் தணலுக்கு மேல் அந்த மூடியைத் திருப்பிய கையும் அவளுடையதுதான். இரண்டும் ஒரே கையாக இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

1943 நவம்பர் 20 சனிக்கிழமை மாலைக்கும் 21 ஞாயிறு காலைக்கும் இடையில் சமையலறைக் கயிற்றிலிருந்து அந்தக் கம்பளியை எடுத்து வண்டியின் மேல் போட்டவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.